மீன்தொட்டிக்கு மூன்றாவது விளக்கு

போன வாரம் பேத்தியின் மீன்தொட்டிக்கு விளக்கு வாங்க அவளோடு கடைக்குப் போயிருந்தேன். நம் காலத்தில் விளக்கு என்றால் குண்டு பல்பு, கொஞ்சம் வசதி இருந்தால் டியூப் லைட், அதோடு தீர்ந்தது. இப்போது அப்படி இல்லையாம். "உள்ள செடி இருக்கா, வெறும் மீன் மட்டுமா அங்கிள்?" என்று கடைக்காரர் தெலுங்கில் கேட்டார். செடி என்றதும் ஒரு அலமாரி நிறைய விளக்குகளைக் காட்டினார். வெளிச்சத்தின் நிறத்துக்கு ஓர் எண்ணாம், பலத்துக்கு ஓர் எண்ணாம், இத்தனை மணிக்கு எரிந்து இத்தனை மணிக்கு அணைய ஒரு டைமராம். "முதல்ல ஆறு மணி நேரம் போதும். அதிகமாப் போட்டீங்கன்னா செடி வளராது, பாசிதான் வளரும்" என்றார் அவர். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஒரு வாக்கியத்தை எங்கள் வீட்டில் யாராவது வந்து சொல்லியிருக்கலாம்.

இருக்கிறதிலேயே பெரிய விளக்கை ஒரு தொட்டியின் மேல் வைத்து எரியவிட்டார். எனக்குக் கண் கூசியது. பன்னிரண்டு வயதுப் பேத்தி கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும்.

"சாலது தாத்தா. டல்."

சாலது என்றால் பத்தாது. அதைக் கேட்டதும் பக்கத்து அலமாரியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டேன். கடைக்காரர் பயந்துபோய் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். ஷுகரா என்று கேட்டார். ஹவ், அதாவது ஆமாம், ஷுகர்தான் என்று சொல்லி வைத்தேன். வேறு என்ன சொல்வது? இதை நம் வயதுக்காரர்களிடம்தான் சொல்ல முடியும். அதுவும் ரயில்வே காலனிகளில் வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் உடனே புரிந்துகொள்வீர்கள். இது என் அக்காவின் கண் போன கதை. மீன்தொட்டி விளக்குக் கதை மாதிரி தெரியும். ஒரு கோடை தொடங்கி மழை வரும்வரை நாங்கள் எல்லோரும் அது விளக்குக் கதை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினைந்து. செகந்திராபாத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ், இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, பின்னால் ஒரு முற்றம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம், ஆற்காட்டுப் பக்கத்துப் பழக்கம். ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளுக்கு விளக்குப் போடும் பிரிவில் நைனாவுக்கு வேலை. ஒரு பெட்டிக்குள் ஏறி நின்றால் எந்த பல்பு இன்னும் ஒரு வாரத்தில் போகும் என்று சொல்லிவிடுவார் என்று ஒர்க்‌ஷாப் ஆட்கள் சொல்வார்கள். அவ்வளவு பெரிய வெளிச்சக்காரர்!

எதிர் வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு இருந்தார். ஆஸ்திரேலியாவில் இருந்த மகளிடம் நிரந்தரமாகப் போகும்போது சாமான்களை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எங்களுக்கு இரண்டு பொருள்கள் வந்தன. ஒன்று, இரண்டடி நீள மீன்தொட்டி. இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பொருத்தி, மூலைகளை மக்கு வைத்து அடைத்தது. உள்ளே ஆற்று மணல், வேலம்பாசி என்கிற தண்ணீர்ச் செடி, நாடா மாதிரி நீளமாக வளைந்து நிற்கும் ஒரு செடி, பத்துப் பன்னிரண்டு கப்பி மீன்கள். மக்கும் ஈர மணலும் கலந்த அந்த வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. இரண்டாவது, கண் பரிசோதனை அட்டை. மேலே ஒரு பெரிய எழுத்து, கீழே வரவரப் பொடிப்பொடியாக. கார்டு வேலையில் கண் பரிசோதனையில் தேறாவிட்டால் வண்டியிலிருந்து இறக்கி ஆபீஸில் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் மனிதர் வீட்டிலேயே அட்டை மாட்டிப் பழகிக்கொண்டிருந்தார். தொட்டியோடு அதையும் ஏன் கொடுத்தார் என்று தெரியாது. கொடுக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தொட்டியை முன்னறை மூலையில் வைத்தார்கள். அக்கா அதை யாரையும் தொடவிடமாட்டாள். அந்த மூலை இருட்டு, விளக்கு போட வேண்டும் என்று முதல் நாளே கேட்டாள். நைனா ஒரு பால்பவுடர் டப்பாவின் அடியைத் துளை போட்டு, நாற்பது வாட் பல்பை உள்ளே வைத்துத் தொங்கவிட்டார். அது முதல் விளக்கு. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய அட்டை டிக்கெட்டை எடுத்தார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், தேதி அச்சுக் குத்தின அந்தக் கெட்டியான சின்ன டிக்கெட். ஒர்க்‌ஷாப்பில் அவருடைய கணக்கு அதுதான். கீழ் பெர்த்தில் உட்கார்ந்து டிக்கெட்டில் இருப்பதைப் படிக்க முடிந்தால் வெளிச்சம் போதும், மேலே ஒரு வாட் கூடத் தேவையில்லை. டிக்கெட்டைத் தொட்டிக்குப் பின்னால் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார்.

"படிக்க முடியுதாம்மா?"

அக்கா படித்தாள். ஊர் பெயர், நம்பர் எல்லாம் படித்தாள்.

"அப்போ போதும்."

"படிக்க முடியுது நைனா. ஆனா பத்தல."

"படிக்க முடியுதுன்னா பத்துதுன்னுதான் அர்த்தம்" என்று நைனா சிரித்தார். அன்றைக்குச் சிரிக்கத்தான் செய்தார், அதையும் சொல்ல வேண்டும்.

அவள் தினமும் கேட்டாள். செடிக்கு வெளிச்சம் வேண்டும் என்று பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். வேலம்பாசியும் வெளுத்துத்தான் போயிருந்தது. நைனாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. இரண்டடி டியூப் லைட் வாங்கி வந்து, சோக்கு, ஸ்டார்ட்டர் எல்லாம் மாட்டி எரியவிட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்தார்கள். தொட்டி பளிச்சென்று இருந்தது. நைனா டிக்கெட்டைப் பிடித்தார், அக்கா படித்தாள்.

"இப்போ?"

அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "பத்தல நைனா."

பத்து நாளில் கண்ணாடி உள்பக்கமெல்லாம் பச்சை படிந்தது. நான் பிளேடால் சுரண்டுவேன், நாலு நாளில் மறுபடி வந்துவிடும். பாசி மறைப்பதால்தான் அவளுக்கு மங்கலாகத் தெரிகிறது என்றார் நைனா. வெளிச்சம் குறைவதால்தான் பாசி வருகிறது என்றாள் அம்மா. இரண்டும் தப்பு. எல்லோரும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். தொட்டிக்கு எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை ஒருத்தரும் பார்க்கவில்லை.

நான் மட்டும் கொஞ்சம் பார்த்திருந்தேன். மேட்னி ஷோவுக்குப் போனால், உள்ளே இருட்டில் நுழைந்ததும் அக்கா என் சட்டை முதுகைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வாள். சீட்டில் உட்காரும்வரை விடமாட்டாள். சாயங்காலம் கரண்ட் போனால் எங்கே இருக்கிறாளோ அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுவாள். "சிம்னி வெளக்க ஏத்துடின்னா உக்காந்துக்கினு வேடிக்கை பாக்கறா பாரு, மகாராணி! போற வீட்ல என்ன செருப்பால அடிக்கப் போறாங்க" என்று அம்மா கத்துவாள். ஒரு தரம் அப்படிக் கரண்ட் போனபோது அவள் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டிப் பார்த்தேன். கண் அசையவில்லை.

ஏன் தொட்டி விளக்கு வேண்டுமென்று அடம்பிடித்தாள் என்பதும் எனக்குத் தெரியும். முன்னறை மூலையில் பலமாக ஒன்று எரிந்தால், அதை வைத்துக்கொண்டு அவளால் வீட்டுக்குள் நடக்க முடிந்தது. மீனும் செடியும் அவளுக்குப் பிடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விளக்கு மீனுக்காக இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நான் போட்டு உடைத்தேன். "நைனா, அக்காவுக்குச் சாயங்காலமானா கண்ணு தெரியறதில்ல."

சாப்பிட்ட கையோடு நைனா எழுந்தார். பரணிலிருந்து கார்டு கொடுத்த அட்டையை எடுத்தார். முற்றத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். இருபது அடி அளந்து கோடு போட்டார். நடு மத்தியானம், மே மாத வெயில், தரை கொதிக்கிறது. அக்காவைக் கோட்டில் நிறுத்தினார். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடைசிப் பொடி எழுத்து வரி வரைக்கும் ஒரு தப்பு இல்லாமல் படித்தாள்.

"ஆறுக்கு ஆறு!" என்று நைனா கத்தினார். "டிரைவர் வேலைக்கே எடுத்துப்பான்யா எம் பொண்ண!"

அம்மா கையைக் கூப்பி மாரியம்மா என்றாள். அக்கா திரும்பி வரும்போது, பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர் வாளியில் இடித்துக்கொண்டாள். வாளி உருண்டது. "சந்தோஷத்துல காலு தரையில படல" என்று நைனா சிரித்தார். அதே கையோடு என்னைக் கூப்பிட்டுப் பளாரென்று ஓர் அறை விட்டார். "வயசுக்கு வந்த பொண்ணு. கண்ணு தெரியலன்னு நாலு பேர் காதுல விழுந்தா இன்னாடா ஆவும்?"

பின்னால் அக்காவிடம் போய்ச் சண்டை போட்டேன். நேராகப் பார்த்தால் தெரிகிறது, பக்கத்தில் இருப்பதும் இருட்டில் இருப்பதும்தான் தெரியவில்லை, அதைச் சொல்ல வேண்டியதுதானே என்றேன்.

"சொல்லாதடா. தெரியலன்னா பள்ளிக்கூடத்த நிறுத்திடுவாங்க. பெரிய வெளக்கா ஒண்ணு போட்டாப் போதும், நான் சமாளிச்சுக்குவேன்."

எனக்குக் கன்னம் எரிந்தது. அவளுக்காகச் சொன்னதற்கு அடி வாங்கியது நான், ஆறுக்கு ஆறு என்று பெயர் வாங்கியது அவள். பத்து வயதுப் பிள்ளையின் மனசு எவ்வளவு அழுக்காக இருக்கும் என்பதை நாமெல்லாம் பெரியவர்களானதும் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

பரிசோதனையில் தேறிய சந்தோஷத்தில் நைனா மூன்றாவது விளக்கைப் போட்டார். இருநூறு வாட் பல்பு. அதற்கு மேல் ஒரு அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்து, வெளிச்சம் முழுக்கத் தொட்டிக்குள் விழும்படி கட்டினார். முக்காலி மேல் ஏறி நின்று முறுக்குக் கம்பியைக் கட்டிவிட்டு, சுவிட்சைப் போடச் சொன்னார். அறை முழுக்கப் பகலாகிவிட்டது. அக்கா எழுந்து, கையை நீட்டாமல், சுவரைத் தொடாமல், அறையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தாள். "இப்பதான் நைனா தெரியுது, எல்லா மீனும் தெரியுது" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

நாலு நாள் எரிந்தது அந்த விளக்கு. தண்ணீர் வெதுவெதுவென்று ஆகி, பிறகு பச்சைக் குழம்பாகக் கெட்டியானது. நாடாச் செடியின் மேல் மயிர் மாதிரி பாசி சுற்றிக்கொண்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்தாவது நாள் காலையில் ஏழு மீன்கள் மிதந்தன. அன்று சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த நைனா தொட்டியைப் பார்த்தார். அவருக்கு வந்ததே கோபம்.

"உம் பேச்சக் கேட்டு மூணு வெளக்கு போட்டேன் பாரு, என்னச் சொல்லணும். டிக்கெட் படிக்கிற வெளிச்சம் போதும்னு தலபாடா அடிச்சுக்கினேன். இனிமே பழைய பல்புதான், ஆமா!"

முக்காலியைப் போட்டு ஏறி, அன்னக்கூடையையும் டியூபையும் கழற்றினார். பால்பவுடர் டப்பாவை மறுபடி தொங்கவிட்டார். முக்காலியைச் சுவரோரம் ஒதுக்கி வைத்துவிட்டு முற்றத்துக்குக் கை கழுவப் போனார். வெளியே முதல் மழைக்கு மேகம் கட்டியிருந்தது. அறை மங்கலாகிக்கொண்டு வந்தது, ஆனால் எனக்கு எல்லாமே தெரிந்தது. சமையற்கட்டில் அக்கா நைனாவுக்கு டீ ஆற்றும் சத்தம் கேட்டது.

நான் அந்த முக்காலியைத் தூக்கினேன். சமையற்கட்டு வாசலுக்கும் தொட்டிக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தேன். அவள் இடித்துக்கொள்ள வேண்டும். நைனா பார்க்க வேண்டும். நான் சொன்னது பொய்யில்லை என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன், அதற்கு மேல் நினைக்கவில்லை. நினைத்தேனோ என்னவோ, இப்போது எனக்கே நிச்சயமில்லை.

நைனா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். அக்கா டம்ளரோடு வந்தாள். முக்காலி அவள் முழங்காலில் இடித்தது. டம்ளர் பறந்தது. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு தொட்டி மேலேயே விழுந்தாள். கண்ணாடி உடைந்தது, மக்கு பிய்ந்தது, பச்சைத் தண்ணீர் முழுக்க அறைக்குள் வந்தது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். உள்ளங்கையிலிருந்து ரத்தம் கொட்டுகிறது. அவளோ ஈரத் தரையில் இரண்டு கையாலும் தடவித் தடவி மீனைத் தேடுகிறாள். அவள் முட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு கப்பி மீன் துள்ளிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியவில்லை. கையை அதைத் தாண்டித் தாண்டிக் கொண்டுபோகிறாள்.

நைனா பார்த்தார். நான் வேண்டிக்கொண்ட மாதிரியே எல்லாவற்றையும் பார்த்தார்.

"நடிப்பப் பாரு! யானையாட்டம் முக்காலி எதுர்ல இருக்குது. ஆறுக்கு ஆறு கண்ண வெச்சுக்கினு இடிச்சுக்குவாளா? வெளக்கக் கழட்டிட்டேன்னு ஆத்திரம். வேணும்னே தொட்டிய ஒடச்சிருக்கா!"

அடித்தார். கைக்குழந்தையை மாதிரி அவள் ரத்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு அடி வாங்கினாள். அம்மாதான் குறுக்கே விழுந்து தடுத்தாள். முக்காலி எப்படி அங்கே வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஒதுக்கி வைத்ததையே கோபத்தில் நைனா மறந்துவிட்டார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? மாட்டேன். துள்ளிக்கொண்டிருந்த மீனை எடுத்து ஒரு சொம்பில் போட்டேன், நான் செய்தது அது ஒன்றுதான். மறுநாள் அதுவும் செத்துவிட்டது.

அக்கா அப்புறம் வாழ்நாளில் யாரிடமும் விளக்கு கேட்கவில்லை. பள்ளிக்கூடம் அந்த வருஷத்தோடு நின்றது, கண்ணுக்காக இல்லை, திமிருக்காக. இருபது வயதில் கல்யாணம். மகன் பிறந்து மூன்று வருஷத்தில் பட்டப்பகலிலும் சுவரைத் தடவ ஆரம்பித்தாள். அவள் புருஷன் ஒரு பெட்டியும் பிள்ளையுமாக எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவில்லை. அன்றைக்கு நைனா அந்தக் கண் பரிசோதனை அட்டையை அடுப்பில் போட்டார். அவ்வளவு வெளிச்சம் தெரிந்த மனிதர், சாகும்வரை வீட்டில் ஒரு பல்பு மாற்றவில்லை. நான்தான் மாற்றுவேன்.

பிற்பாடு ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "உங்க அப்பா அம்மா சொந்தமா?" என்பதுதான். அம்மாவை அவளுடைய தாய்மாமனுக்கே கொடுத்திருந்தார்கள். நம் ஜனங்களில் அதுதானே பெருமை. இது ரத்தத்தில் வருவது, ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும், முதலில் கண்டுபிடித்திருந்தாலும் நிறுத்தியிருக்க முடியாது என்றார் டாக்டர். அது எனக்கு ஆறுதல் என்று நினைத்தார் போலிருக்கிறது. "இனிமேலாவது சொந்தத்துல குடுக்காதீங்க" என்றும் சொன்னார்.

நான் கொடுத்தேன். என் மகளை அக்கா மகனுக்குக் கொடுத்தேன். குருட்டு மாமியார் வீட்டுக்கு வெளியிலிருந்து யார் பெண் கொடுப்பார்கள்? பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இஷ்டம்தான், அதுவும் உண்மை. ஆனால் டாக்டர் சொன்னதை நான் அவர்களிடம் சொல்லவே இல்லை. என் மனசில் இருந்ததெல்லாம் முக்காலிதான். மகளைக் கொடுத்தால் அது நேராகிவிடும் என்று நினைத்தேன். என்னை மாதிரி ஒரு முட்டாளை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

இப்போது நாங்கள் எல்லோரும் சைனிக்புரியில் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். மகளும் மருமகனும் காலையில் வேலைக்கு மாதாப்பூர் போனால் இருட்டித்தான் வருவார்கள். கடையிலிருந்து வாங்கி வந்த விளக்கை நேற்றுச் சாயங்காலம் முக்காலி போட்டு ஏறி நானே மாட்டினேன். பேத்தி பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டு, தன் அறைக்குப் போய்விட்டாள். அக்கா வழக்கம்போல் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"மாட்டிட்டியாடா?"

"மாட்டிட்டேங்கா."

"அவளுக்குப் பத்துதாமா?"

அவள் பக்கத்தில் போய் நின்று சொன்னேன். "பத்தலங்கறா."

அக்கா தலையை ஆட்டினாள். "மூணு மாசமாவே செவுத்தத் தொட்டுக்கினு நடக்கறா. கையில வெள்ளிக் காப்பு போட்டிருக்கா பாரு, அது செவுத்துல ஒரசற சத்தம் கேக்குது. வெளிச்சம் போற நேரத்துலதான் கேக்குது, பகல்ல கேக்கறதில்ல. மொதல்ல எங்காதுதான் கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன்."

ஐம்பது வருஷமாக வாயில் வைத்திருந்ததை அப்போதுதான் துப்ப வந்தது. "அக்கா, அன்னிக்கு அந்த முக்காலி..."

"அத வுடுடா" என்றாள் அக்கா. "இப்ப ஏறி நின்னியே, அந்த முக்காலி எங்க இருக்கு? எடுத்து ஓரமா வை. அவ டீ குடிக்க வர்ற நேரம்."

திரும்பிப் பார்த்தேன். தொட்டிக்கும் பேத்தியின் அறை வாசலுக்கும் நடுவில், நான் இறங்கின இடத்திலேயே இருந்தது. போய்க் கையில் எடுத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து காப்பு சுவரில் உரசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. ஓரத்தில் இருப்பதுதானே அவளுக்கும் முதலில் தெரியாமல் போகும்? எந்த ஓரத்தில் வைப்பது என்று தெரியாமல் முக்காலியோடு நின்றேன்.